கேரள எல்லையில் குடியேறுபவர்களுக்கு: கரண்ட் பில் பாக்கி, துண்டிப்பு, திரும்ப இணைப்பு

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து வேலையைத் தேடிச் சோதனைச்சாவடி தாண்டி வந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளில் வாடகைக்கு வீடு பிடிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே பேச்சு மாறுவதில்லை, டீக்கடை மாறுவதில்லை. அதனால் கரண்ட் விஷயமும் அங்கே போலத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அது அப்படியில்லை. தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கேரளத்தில் எல்லோருக்குமான அந்த இலவசம் கிடையாது. இங்குள்ள சலுகைகள் வேறு மாதிரி. கேட்காதவருக்கு அவை வருவதும் இல்லை.

நான் குடிபோன வீட்டில் முன்பு இருந்தவர் பெரிய பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரர் அதை மூச்சு விடவில்லை. சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பங்குனி வெயிலில் மின்விசிறி இல்லாமல் கிடந்தபோது படித்துத் தெரிந்துகொண்டவை இவை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒரு விவரம். இங்கே சொல்வது கே.எஸ்.இ.பி. என்ற கேரள மாநில மின்சார வாரிய இணைப்புகளுக்கு. மூணாறில் கண்ணன் தேவன் கம்பெனியின் எஸ்டேட் பகுதிகளில் மின் விநியோக உரிமம் அந்தக் கம்பெனியிடமே இருக்கிறது. அங்கே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்கள் கே.எஸ்.இ.பி. அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை. சட்டப் பிரிவுகள் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

1. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் 13 இலக்க எண்ணைக் கேளுங்கள்

ஒவ்வொரு இணைப்புக்கும் 13 இலக்க கன்ஸ்யூமர் எண் உண்டு. பழைய பில் சீட்டில் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு, எந்த செக்‌ஷன் ஆபீசின் (வாரியத்தின் உள்ளூர் அலுவலகம்) கீழ் அந்த வீடு வருகிறதோ அங்கே போய் ‘இந்த எண்ணில் பாக்கி இருக்கிறதா’ என்று கேளுங்கள். வாரியத்தின் இணையதளத்திலும் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். காசு செலவில்லாத வேலை. இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுத்தால், பாக்கியை நீங்கள் தலையில் சுமக்க வேண்டி வரலாம்.

‘முன்பு இருந்தவர் வைத்த பாக்கிக்கு நான் எப்படிப் பொறுப்பு’ என்று வாதாடலாம் என்று நினைக்காதீர்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், கே.சி. நைனான் எதிர் கேரள மாநில மின்சார வாரியம் என்ற வழக்கில், விதிகள் இடம் கொடுத்தால் பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் புது இணைப்புக் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இடத்தை விலைக்கு வாங்குபவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். பத்திரப்பதிவுக்கு முன் வில்லங்கம் பார்ப்பதோடு கரண்ட் பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: குடிபோகும் நாளில் மீட்டர் காட்டும் ரீடிங், அந்த நாள் வரை உள்ள பாக்கி வீட்டுக்காரருடையது என்ற வரி, கன்ஸ்யூமர் எண். கூடவே மீட்டரைப் போனில் படம் எடுங்கள். திரையில் எண்கள் மாறி மாறி ஓடும். தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் வந்து போகும். யூனிட் கணக்கு வரும்போது பக்கத்தில் ‘கிலோவாட் அவர்’ குறியீடு தெரியும். அந்தக் குறியீடும் மீட்டரின் வரிசை எண்ணும் சேர்ந்து தெரிகிற படம்தான் பின்னால் பேசும்.

2. பில் சீட்டில் இரண்டு தேதிகள்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் ரீடர் வந்து அங்கேயே சீட்டு அடித்துக் கொடுப்பார். வீடு பூட்டியிருந்தால் செருகிவிட்டுப் போவார். அந்தச் சீட்டு சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான தாள். சமையலறை ஜன்னலில் செருகி வைத்தால் சில வாரத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். கையில் வந்த அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் இரண்டு தேதிகளைத் தேடுங்கள். ஒன்று, அபராதம் இல்லாமல் கட்டக் கடைசி நாள். பில் போட்ட நாளிலிருந்து பத்தாவது நாள். மற்றது டி.சி. தேதி, அதாவது துண்டிப்புத் தேதி; முதல் தேதியிலிருந்து மேலும் 15 நாள். ஐந்தாம் தேதி பில் போட்டால் பதினைந்து வரை அபராதமில்லை, முப்பது வரை துண்டிப்பில்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மின்சாரச் சட்டம் 2003 இன் 56 ஆவது பிரிவு, துண்டிப்பதற்கு முன் 15 முழு நாள் எழுத்துபூர்வ நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. ‘எனக்கு நோட்டீசே வரவில்லையே’ என்று அலுவலகத்தில் போய் நின்றால், கையில் இருக்கும் பில்லைத்தான் காட்டுவார்கள். பில் சீட்டே துண்டிப்பு நோட்டீசும்தான். தலைப்பிலேயே அப்படி அச்சாகியிருக்கும். தனியாக ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

தாமதத்துக்கான வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். 30 நாளுக்கு மேல் போனால் 18. ஆள் பயப்படும் அளவுக்கு அது பெரிய தொகை அல்ல. 900 ரூபாய் பில்லை 15 நாள் தாமதித்தால் நான்கரை ரூபாய் போலத்தான் வரும். பணம் புரளாத மாதத்தில் இந்த 15 நாளைக் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதற்காகக் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். டி.சி. தேதிக்கு முன்னால் கடன் வாங்கிக் கரண்ட் பில் கட்டுவது அநியாயச் செலவு.

சீட்டில் இன்னும் பார்க்க வேண்டியவை: டாரிஃப் என்ற இடத்தில் வீட்டு உபயோகத்துக்கான ‘எல்.டி. 1ஏ’ இருக்கிறதா? வீடு கட்டும்போது வாங்கிய இணைப்பை மாற்றாமலே விட்டிருந்தால் வேறு விகிதத்தில் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். முந்தைய ரீடிங்கும் இப்போதைய ரீடிங்கும் உங்கள் மீட்டரோடு பொருந்துகிறதா? கதவு பூட்டியிருந்தால் சராசரிக் கணக்கில் போட்டிருப்பார்கள்; அப்படியானால் உண்மையான ரீடிங்கை எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

3. யூனிட் கணக்கில் உள்ள குழி

மாதம் 250 யூனிட் வரை, அதாவது இரண்டு மாத பில்லில் 500 வரை, படிப்படியாக விலை ஏறும். முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 500ஐத் தாண்டிவிட்டால் அந்தப் படிகளே இல்லை. முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. 498க்கும் 502க்கும் இடையில் நான்கு யூனிட்தான், பில்லில் உள்ள வித்தியாசம் நான்கு யூனிட்டின் விலை அல்ல. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கும் வீடுகளில் இது நிச்சயம் நடக்கும். வீட்டுக்காரர் ஒரே மீட்டரை மூன்று போர்ஷனுக்குப் பிரித்துக் கொடுத்து, ‘யூனிட்டுக்கு இவ்வளவு’ என்று தன் கணக்கில் வசூலிக்கிறார் என்றால் அவருடைய பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மாட்டார். ஆனாலும் கேளுங்கள்.

பாலக்காட்டுக் கணவாயில் மாசியிலேயே வெயில் ஏறிவிடும். மார்ச் முதல் மே வரை வரும் பில்தான் பெரும்பாலான வீடுகளை விழ வைக்கிறது. கேஸ் தீர்ந்துபோய், அடுத்த சிலிண்டருக்குப் பணம் சேரும் வரை இண்டக்‌ஷன் அடுப்பில் சமைப்பது இன்னொரு காரணம். 2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 240 யூனிட். சில வீடுகளில் மொத்தச் செலவே அவ்வளவுதான் இருக்கும்.

4. உரிய சலுகையைக் கேட்டு வாங்குங்கள்

கேரள ரேஷன் அட்டை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் நீங்கள் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள வீட்டில் பதிவான மொத்த லோடு (வீட்டில் உள்ள கருவிகளின் மொத்த வாட்) 1,000 வாட்டுக்குள்ளும், மாதச் செலவு 40 யூனிட்டுக்குள்ளும் இருந்தால் யூனிட் 1 ரூபாய் 50 காசு. நிலைக் கட்டணம் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள வீட்டில் புற்றுநோயாளியோ நிரந்தர மாற்றுத்திறனாளியோ இருந்தால் மாதம் 100 யூனிட் வரை இதே விலையில் தரும் தனிச் சலுகையும் உண்டு. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், வென்டிலேட்டர் போன்ற உயிர்காக்கும் கருவி வீட்டில் ஓடுகிறது என்றால் அதற்கான மின்சாரமே இலவசம். மருத்துவரின் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும், காலக்கெடு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

1,000 வாட் என்பதைப் பலரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஐந்து எல்.இ.டி. பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி. சேர்ந்தாலும் 300 வாட் போலத்தான். மிக்சி சேர்ந்தால் ஆயிரத்தை நெருங்கிவிடும். இஸ்திரிப் பெட்டி ஒன்றே தனியாக ஆயிரம். அரை குதிரைத்திறன் மோட்டார் 373 வாட். பழைய குடித்தனக்காரர் ஏ.சி.க்காகவோ மோட்டாருக்காகவோ லோடை உயர்த்தி எழுதி வைத்திருந்தால், நீங்கள் இரண்டு பல்பு எரித்தாலும் சலுகை கிடைக்காது. பில்லில் ‘கனெக்டட் லோடு’ எவ்வளவு என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் முதலில் லோடைக் குறைக்க விண்ணப்பம், பிறகு சலுகைக்கு.

கொண்டுபோக வேண்டியவை: ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், கடைசி பில், வாடகை ஒப்பந்த நகல், வெள்ளைத்தாளில் மனு. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் என்பதால் அவருடைய கையெழுத்தும் மனுவில் இருந்தால் கேள்விகள் குறையும். வருமானச் சான்று கேட்டால் அக்‌ஷயா மையத்தில் (அரசின் இ-சேவை மையம்) விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீசில் வாங்க வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

தமிழ்நாட்டு ரேஷன் அட்டையில் இங்கே அரிசி வாங்க முடிகிறது என்பதால் மின் சலுகையும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நிலையாக இங்கே இருக்கப்போகிறீர்கள் என்றால் அங்கே பெயர் நீக்கச் சான்று வாங்கிவந்து, அக்‌ஷயா வழியாகக் கேரள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். முதலில் கையில் கிடைப்பது வெள்ளை அட்டையாக இருக்கலாம். முன்னுரிமைக்கு மாற்றத் தனியாக, தாலுகா சப்ளை ஆபீசுக்கு, விண்ணப்பம் போட வேண்டும். இது மாதக் கணக்கில் இழுக்கிற வேலை. எனவே வந்ததும் தொடங்கிவிடுங்கள், பில் ஏறிய பிறகல்ல.

5. கட்ட முடியாது என்று தெரிந்தால் டி.சி. தேதிக்கு முன் தவணை மனு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பாக்கியைத் தவணையாகக் கட்ட அனுமதி தரும் அதிகாரம் அலுவலர்களுக்கு இருக்கிறது. தொகை சிறிதென்றால் செக்‌ஷன் ஆபீசின் உதவிப் பொறியாளரே முடிவு செய்வார். பெரிதென்றால் மேலே சப்-டிவிஷனுக்கோ டிவிஷனுக்கோ போகும். கேட்பதற்குச் சரியான நேரம் டி.சி. தேதிக்கு முன்னால், அதுவும் முந்தைய நாள் வேண்டாம், ஒரு வாரம் முன்பே. இணைப்பு இருக்கும்போது கேட்பவருக்கும், துண்டித்த பிறகு கேட்பவருக்கும் கிடைக்கிற பதிலில் வித்தியாசம் இருக்கிறது.

மனுவில் கதை வேண்டாம். கன்ஸ்யூமர் எண், பில் தேதி, தொகை, இப்போது எவ்வளவு கட்டுகிறீர்கள், மீதியை எந்தெந்தத் தேதியில் கட்டுவீர்கள், ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரே ஒரு வரி. ‘தென்னந்தோப்பில் இரண்டு மாதமாக வேலை இல்லை’ என்றால் போதும். வீட்டில் கைக்குழந்தை, நோயாளி, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால் அதையும் எழுதுங்கள். கையோடு ஒரு பகுதிப் பணத்தையும் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு வரும் மனுவைவிடப் பணத்தோடு வரும் மனு வேகமாக நகர்கிறது.

இரண்டு பிரதிகள் எடுத்துப்போய், ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரையும் தேதியும் இன்வர்டு எண்ணும் (மனு பதிவான எண்) வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், சார் வந்ததும் சொல்கிறோம்’ என்று கவுண்டரில் சொன்னால், அமைதியாக நின்று, “முத்திரை மட்டும் போட்டுக் கொடுங்கள் சேட்டா, நான் போகிறேன்” என்று சொல்லுங்கள். சண்டை போடத் தேவையில்லை. லைன்மேன் கையில் அன்றைய துண்டிப்புப் பட்டியல் அச்சாகி வந்துவிடும். அவரிடம் அழுது பயனில்லை, பட்டியலை அவர் போடுவதில்லை. முத்திரை போட்ட பிரதியைக் காட்டினால் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார். எங்கள் தெருவில் நின்றபடி அவர் போனில் பேசிவிட்டு, பட்டியலில் ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டுப் போனதைப் பார்த்த பிறகுதான் அந்த ஊதா முத்திரையின் அருமை எனக்குத் தெரிந்தது.

தமிழில் எழுதலாமா? எழுதலாம். அரசமைப்புச் சட்டத்தின் 350 ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தர உரிமை கொடுக்கிறது. நம் பகுதி அடங்கிய, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா அலுவலகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். ஆனால் அந்தக் கோப்பு மேலே போகும்போது அங்கே இருப்பவர் படிக்க வேண்டும் அல்லவா? அவசர மனுவுக்கு மலையாளத்தில் எழுதித் தரும் ஒருவரைப் பிடித்து, தமிழ்ப் பிரதியையும் பின்னால் இணைத்துவிடுங்கள். உரிமையை நிலைநாட்ட வேறு நாள் இருக்கிறது.

6. பில்லே தப்பு என்றால்

வழக்கமாக 800, 900 வரும் வீட்டுக்குத் திடீரென்று 6,400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மெயினை மட்டும் போட்டு, மீட்டரில் உள்ள சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் மீட்டரிலிருந்து வேறு யாருக்கோ கரண்ட் போகிறது. மாடிப் போர்ஷன் மோட்டாரை உங்கள் மீட்டரில் கோத்துவிட்டிருப்பது அரிதல்ல.

மீட்டரே சந்தேகம் என்றால் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதற்குக் கட்டணம் உண்டு. பழுது என்று முடிவானால் முந்தைய மூன்று பில்களின் சராசரியை வைத்துத் திருத்துவார்கள்.

தகராறு தீரும் வரை துண்டிக்காமல் இருக்க 56 ஆவது பிரிவிலேயே வழி இருக்கிறது. கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதத்தில் நீங்கள் கட்டியதன் சராசரிக் கணக்கில் வரும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதை ‘எதிர்ப்புடன் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டால், தகராறு முடியும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. கடைசி மூன்று பில்கள் 780, 860, 910 என்றால் ஆறு மாதத்துக்கு 2,550, மாதம் 425, இரண்டு மாத பில்லுக்கு 850. கையில் 6,400 இல்லாதவரும் 850 புரட்டிவிடலாம். எழுத்தில் கொடுக்காமல் 850 மட்டும் கட்டினால் அது வெறும் குறைபாக்கி ஆகிவிடும். எழுத்தும் பணமும் ஒன்றாகப் போக வேண்டும்.

அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் தெரிந்திருக்கட்டும். கட்ட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து, இடையில் எந்த பில்லிலும் பாக்கியாகக் காட்டாத தொகையைத் திடீரென்று கேட்டு வசூலிக்க முடியாது.

வருடத்துக்கு ஒரு முறை ‘கூடுதல் டெபாசிட்’ என்று ஒரு நோட்டீஸ் வரும். அது தப்பான பில் அல்ல. உங்கள் சராசரிச் செலவு கூடினால் காப்புத்தொகையையும் கூட்டிக் கேட்பார்கள். இரண்டு மாத பில் வீடுகளுக்கு மூன்று மாதச் சராசரி அளவுக்கு. கட்டாவிட்டால் அதற்கும் துண்டிக்கலாம். இந்த டெபாசிட்டுக்கு வட்டி உண்டு, பில்லில் கழித்துக்கொள்வார்கள். வாடகை வீட்டில் இதைக் கட்டுபவர் யார் என்று முன்பே பேசி வைக்காவிட்டால் வீட்டுக்காரர் பெயரில் உங்கள் பணம் தங்கிவிடும்.

7. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள், இனி?

பாக்கிக்கான துண்டிப்பைப் பொதுவாக வேலை நாளில், பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடுவார்கள். விடுமுறைக்கு முந்தைய நாளில் செய்வதில்லை. எனவே ‘இன்று இரவு ஒன்பதரைக்கு உங்கள் கரண்ட் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று போனுக்கு வரும் செய்தி மோசடி. அழைத்தால் ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் வாரியத்தின் 1912 என்ற எண்ணுக்கு மட்டும் பேசுங்கள்.

உண்மையாகவே துண்டித்துவிட்டால் பாக்கி, வட்டி, மறு இணைப்புக் கட்டணம் மூன்றையும் சேர்த்துக் கட்டி ரசீது வாங்குங்கள். பெரிய தொகையைக் கவுண்டரில் பணமாக வாங்காமல் ஆன்லைனில் கட்டச் சொல்லலாம். எனவே போனில் பணம் கட்டத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள். ஆன்லைனில் கட்டியவர்கள் பேசாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கட்டியதை அலுவலகத்துக்குச் சொன்னால்தான் ஆள் வருவார். காலையிலேயே கட்டி, காலையிலேயே சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். வந்து இணைப்பவரிடம் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

செய்யவே கூடாத இரண்டு காரியங்கள் இருக்கின்றன. நீங்களே ஃபியூஸை மாட்டிக்கொள்வது மின்சாரச் சட்டத்தின் 138 ஆவது பிரிவின்படி குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தது, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது. ‘பாவம், பிள்ளைகள் இருட்டில் இருக்கின்றன’ என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் அடுத்த வீட்டு அக்காவுக்குத்தான் 126 ஆவது பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் விழும். எப்போதிலிருந்து கொடுத்தார் என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடலாம். போன் சார்ஜ் போட அவர் வீட்டுக்குப் போங்கள், ஒயரை மட்டும் கேட்காதீர்கள்.

துண்டித்து 180 நாள் ஆகிவிட்டால், நோட்டீஸ் கொடுத்து மீட்டரையும் ஒயரையும் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு பாக்கியைக் கட்டினாலும் பழைய இணைப்பு வராது. புது இணைப்புக்கான முழுச் செலவு.

8. கரண்டை நிறுத்தியது வீட்டுக்காரர் என்றால்

வாடகைத் தகராறில் மெயினை அணைத்துப் பூட்டுப் போடும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வாரியத்துக்குப் பாக்கி இல்லாதபோது இது அவருடைய அடாவடி. 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்ற காரணத்துக்காகக் குடியிருப்பவருக்கு இணைப்பை மறுக்கக் கூடாது, அவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதும் என்று சொன்னது. எனவே உங்கள் பெயரில் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று ஒன்று, அந்த வீட்டில் இருப்பதற்கான சான்று ஒன்று. ஒப்பந்தம் எழுதாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பஞ்சாயத்து வார்டு மெம்பரிடம் குடியிருப்புக் கடிதம், அந்த முகவரிக்கு வந்த கேஸ் ரசீது, பள்ளிச் சான்று என்று கிடைப்பதைச் சேருங்கள். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் கிராமப்புறத்தில் 15 நாளில், மலைப்பகுதிக் கிராமங்களில் 30 நாளில் இணைப்புத் தர வேண்டும் என்பது 2024 இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதி.

9. செக்‌ஷன் ஆபீசுக்கு மேலே

உதவிப் பொறியாளர், சப்-டிவிஷன், டிவிஷன் என்று ஏறலாம். அங்கும் நடக்காவிட்டால் வாரியத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். கொட்டாரக்கரை, எறணாகுளம், கோழிக்கோடு என மூன்று இடங்களில் இருக்கிறது. உங்கள் செக்‌ஷன் எதன் கீழ் வருகிறது என்று அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அதன் உத்தரவில் திருப்தி இல்லை என்றால் எறணாகுளத்தில் உள்ள மின்சார ஓம்புட்ஸ்மேன் (மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி). பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி உண்டு. மனு எழுதவாவது அங்கே போங்கள்.

10. கேஸ்

சுருக்கமாக. ஊர் மாறும்போது சிலிண்டரைச் சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கினால் டெபாசிட்டும் திரும்ப வரும், இங்கே இணைப்பும் எளிது. இதுவரை இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பத்தின் பெண்கள் உஜ்வலா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். வேலைக்காக இடம்பெயர்ந்தவர்கள் ரேஷன் அட்டையோ முகவரிச் சான்றோ இல்லாமல் சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதும். மொத்தமாகப் பணம் புரளாதவர்கள் 5 கிலோ சிலிண்டரைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சியில் அவர்களாக அதைப் பற்றிச் சொல்வதில்லை.

11. காலி செய்யும்போது

சாவியைக் கொடுக்கும் நாளில் மீட்டரை மீண்டும் படம் எடுங்கள். கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டு வீட்டுக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, ‘இந்தத் தேதி வரை கரண்ட் பாக்கி இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். கூடுதல் டெபாசிட்டை நீங்கள் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டி அட்வான்ஸோடு சேர்த்துக் கேளுங்கள். இணைப்பு உங்கள் பெயரிலேயே இருந்தால் காலி செய்வதற்கு முன்பே செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்து ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் வைக்கும் பாக்கி உங்கள் பெயரில் ஏறும்.